பல கட்டச் சைக்கிள் பந்தயத்திற்குப் பாதை வகுத்தல்

பிரான்சு நாட்டைச் சுற்றி ஆண்டுதோறும் நடைபெறும் டூர் டி பிரான்ஸ் என்னும் பெரும் சைக்கிள் பந்தயத்தில், 1952-ஆம் ஆண்டு ஒரு விந்தையான நிலை தோன்றியது. ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஆல்ப் துவேஸ் என்னும் உயரிடத்தில் ஒரு நாளைய ஓட்டம் முடியுமாறு அவ்வாண்டு முதன்முறையாகப் பாதை அமைக்கப்பட்டிருந்தது. சுமார் 14 கி.மீ. நீளமும் 21 கொண்டை ஊசி வளைவுகளும் கொண்ட அம்மலைப்பாதையில் இத்தாலிய வீரர் ஃபௌஸ்டோ கோப்பி ஏனையோரைப் பின்னிட்டு ஏறி வென்றார். அடுத்த கட்டத்திலும் அவரே வென்றார். பாரிசு நகரில் பந்தயம் முடிந்தபோது அவருக்கும் இரண்டாம் வீரருக்கும் இடையே 28 நிமிடங்களுக்கு மேல் இடைவெளி இருந்தது. முதலிடம் முன்னதாகவே உறுதியாகிவிட்டபடியால், எஞ்சிய நாட்களில் போட்டியின் சுவை குன்றாதிருக்கும்பொருட்டு இரண்டாம் இடத்திற்குரிய பரிசுத் தொகையை அமைப்பாளர்கள் உயர்த்த வேண்டியதாயிற்று. ஆல்ப் துவேஸ் மீண்டும் பந்தயப் பாதையில் இடம் பெற்றது 1976-இல்தான்.

இதற்கு நேர்மாறாக, 1989-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3,285 கி.மீ. ஓடிய பின்னர் முதல்வருக்கும் இரண்டாமவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 8 விநாடியே. இவ்விரு முடிவுகளுக்கும் வீரர்களின் வலிமையே முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும், அவ்வலிமை எவ்விடத்தில், எத்தனை நாட்களுக்குப் பின், எவ்வகை நிலத்தில் வெளிப்பட வேண்டும் என்பதைப் பாதையை வகுப்பவரே தீர்மானிக்கின்றார். அவர் கையாளும் கருவிகள் நிலப்படம், சரிவளவு, காற்றின் திசை, சாலையின் மேற்பரப்பு ஆகியவை. இவை யாவும் களப்பணியாளர்க்கும் பூகோளம், பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் பழக்கமானவையே.

முதல் பந்தயம் 1903-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நடைபெற்றது. ஒரு விளையாட்டுச் செய்தித்தாள் தன் விற்பனையைப் பெருக்கும் நோக்கத்துடன் அதனைத் தொடங்கியது. அத்தாளின் ஆசிரியர் ஆன்றி டெகிரான்ஜ் என்பவர். ஆறே கட்டங்கள், மொத்தத் தொலைவு 2,428 கி.மீ.; புறப்பட்டோர் 60 பேர், முடித்தோர் 21 பேர். மொரீஸ் காரேன் ஏறத்தாழ மூன்று மணி நேர இடைவெளியில் வென்றார். அந்நாளைய பாதையில் கடினம் என்பது நீளம் ஒன்றே. மலைகள் பின்னரே வந்தன. 1910-இல் பிரனீசு மலைகளைப் பார்வையிடச் சென்ற அல்போன்ஸ் ஸ்டைனே என்பவர் தூர்மலே கணவாயில் பனியில் சிக்கித் தத்தளித்தார் என்றும், உயிர் தப்பி இறங்கியதும் ‘கணவாயைக் கடந்தாயிற்று, சாலை நன்றாக உள்ளது’ என்ற பொருள்படத் தந்தி கொடுத்தார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கள ஆய்வு அறிக்கை எங்ஙனம் எழுதப்படலாகாது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆயினும் அவ்வாண்டே 2,115 மீட்டர் உயரமுள்ள அக்கணவாயைப் பந்தயம் கடந்தது. மறு ஆண்டு ஆல்ப்ஸ் மலையின் கலிபியே கணவாயும் சேர்க்கப்பட்டது.

காற்றும் ஏற்றமும்

பாதை அமைப்பின் அடிப்படை முழுவதும் ஒரு பௌதிக உண்மையில் அடங்கியுள்ளது. சைக்கிளில் செல்பவன் மூன்று தடைகளை வெல்ல வேண்டும்: காற்றுத்தடை, சக்கரம் உருளும்போது ஏற்படும் தடை, ஏற்றத்தில் புவியீர்ப்பு. காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கேற்பவும், அதனை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கேற்பவும் உயரும். புவியீர்ப்பை வெல்லத் தேவையான திறனோ வேகத்திற்கு நேர் விகிதத்திலேயே உயரும்.

வீரனும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோகிராம் எடை எனக் கொள்வோம். சமநிலத்தில் மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் தனித்துச் செல்ல அவனுக்குச் சுமார் 410 வாட் திறன் வேண்டும். இதில் காற்றுக்கு மட்டும் 375 வாட் செலவாகிறது. 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஏறச் சுமார் 375 வாட் வேண்டும். ஆனால் இங்கே காற்றின் பங்கு 33 வாட் அளவே. எஞ்சியதில் பெரும்பகுதி, அதாவது சுமார் 327 வாட், உடலைத் தூக்குவதற்கே செலவாகிறது.

இனி, ஒருவன் மற்றொருவனின் பின்னே ஒட்டிச் செல்வதாகக் கொள்வோம். அவனுக்குக் காற்றுத்தடை 100-க்கு 30 பங்கு குறைவதாக வைத்துக்கொண்டால், சமநிலத்தில் அவன் மீதப்படுத்துவது 110 வாட்டுக்கு மேல். செங்குத்தான ஏற்றத்தில் 10 வாட் மட்டுமே. பெருங்கூட்டத்தின் நடுவில் இச்சேமிப்பு இன்னும் பன்மடங்காகும். 121 வீரர் கொண்ட கூட்டத்தின் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்திலும் கணிப்பொறியிலும் ஆராய்ந்து 2018-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், கூட்டத்தின் உள்ளே சில இடங்களில் காற்றுத்தடை தனியாளுக்குரியதில் 100-க்கு 5 முதல் 10 பங்காகக் குறைந்துவிடுவது காணப்பட்டது.

சமநிலத்தில் 180 கி.மீ. ஓடிய பின்னும் நூற்றுக்கு மேற்பட்டோர் ஒரே கூட்டமாக வந்து சேர்வதன் காரணம் இதுவே. வலியவன் தனித்து முன்னேறினால், மாறி மாறி முன்னின்று இழுக்கும் பலர் அவனை எளிதில் பிடித்துவிடுவர். ஏற்றத்திலோ கூட்டம் தரும் காப்பு மறைந்துவிடுகிறது. ஒவ்வொருவனும் தன் எடையைத் தானே தூக்கியாக வேண்டும். இவை இரண்டிற்கும் இடைப்பட்ட 100-க்கு 4 அளவான சாய்வு மிகவும் சுவையானது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் செல்கையில் மொத்தத் திறனில் காற்றின் பங்கு அங்கே ஏறக்குறைய 10-இல் 3 ஆகும். உதவியாளர் உடன் இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் இத்தகைய சாலையில் நிலை பெரிதும் வேறுபடும்.

இறுதி மலையின் சிக்கல்

ஏற்றமே வீரர்களைப் பிரிக்கிறது என்றால், ஒவ்வொரு நாளும் மிகச் செங்குத்தான மலையின் உச்சியில் முடித்துவிடலாமே என்று தோன்றக்கூடும். அனுபவம் இதற்கு எதிராகவே உள்ளது. கடைசி மலை மிகக் கொடியது என்று அறிந்த வீரர், முன்னுள்ள மலைகளில் தம் வலிமையைச் செலவிடத் துணியார். ஐந்து மணி நேரம் யாவரும் காத்திருந்து, கடைசி அரைமணி நேரம் மட்டும் பந்தயமிடுவர். அங்கும் சரிவு மிகக் கடுமையாயின் வேகம் குறைந்து, இடைவெளி சில விநாடிகளாகவே நின்றுவிடுவது உண்டு.

ஸ்பெயின் நாட்டுப் பந்தயமான வுவெல்டாவில் 2012-இல் நிகழ்ந்தது இதனைத் தெளிவாக்கும். அடுத்தடுத்து மூன்று நாட்கள் மலையுச்சியில் முடியுமாறு அமைக்கப்பட்டிருந்தன. மூன்றாவதான குயித்து நெக்ருவில் சில இடங்களில் சரிவு 100-க்கு 20-ஐயும் மிஞ்சியது. ஆல்பர்டோ கொண்டடோர் பன்முறை தாக்கியும், தலைமை வகித்த ஹொவாக்கிம் ரொட்ரிகெஸை அசைக்க முடியவில்லை. பின்னர் ஓய்வு நாள். அதன் மறுநாள் ஃபுவெந்தே தே என்னும் இடத்தில் முடிந்த கட்டத்தைப் பெரிதாக எவரும் எண்ணவில்லை. அதன் இறுதி ஏற்றம் மென்மையானது. அன்று முடிவிடத்திற்குச் சுமார் 50 கி.மீ. முன்னர், நடுத்தர ஏற்றமொன்றில் கொண்டடோர் பிரிந்து சென்றார். முன்னரே சென்றிருந்த குழுவில் அவருடைய துணைவர்கள் இருந்தனர்; மென்சரிவான சாலையில் அவர்கள் காற்றைத் தாங்கி இழுத்தனர். ரொட்ரிகெஸ் இரண்டரை நிமிடத்திற்கு மேல் இழந்து தலைமையைப் பறிகொடுத்தார். செங்குத்தான மூன்று மலைகள் செய்யாததை ஒரு மெல்லிய சாலை செய்தது. ஆனால் அம்மூன்று மலைகளின் களைப்பு இல்லாதிருந்தால் அதுவும் நிகழ்ந்திராது என்பதை மறத்தலாகாது. ஒரு நாளின் பாதையைத் தனியே எடுத்து மதிப்பிடுவது பொதுவாக நேரும் பிழை.

ஆகவே, மலைகளின் உயரத்தைவிட அவற்றின் வரிசையும் இடைவெளியுமே முக்கியம். கடினமான ஏற்றம் கடைசிக்கு முந்தியதாகவும், அதன் இறக்கம் நேரே அடுத்த ஏற்றத்தின் அடிவாரத்தில் சேர்வதாகவும் இருக்குமாயின், முன்கூட்டியே தாக்குவோர்க்குப் பலன் உண்டு. இரண்டிற்கும் இடையே 25 கி.மீ. சமவெளி அமைந்துவிட்டால், பின்தொடரும் கூட்டம் காற்றுக்காப்பின் துணையால் இடைவெளியை அழித்துவிடும்.

இம்முறையில் சிறப்பாக அமைந்த ஒன்றாக 2011-ஆம் ஆண்டு டூர் டி பிரான்சின் கடைசி வாரத்தைக் கூறலாம். கலிபியே கணவாய் முதன்முதலில் கடக்கப்பட்டு நூறாண்டு நிறைவதையொட்டி, அவ்வாண்டு 18-ஆம் கட்டம் அக்கணவாயின் உச்சியிலேயே, 2,645 மீட்டர் உயரத்தில் முடிந்தது. முன்னதாக அன்யெல் (2,744 மீட்டர்), இசோவார் (2,360 மீட்டர்) என்னும் இரு கணவாய்கள். கட்டத்தின் நீளம் ஏறத்தாழ 200 கி.மீ. ஆண்டி ஷ்லெக் இசோவாரில், முடிவிடத்திற்குச் சுமார் 60 கி.மீ. முன்னரே தாக்கினார், அவருடைய குழுவினர் முன்கூட்டியே அனுப்பப்பட்டு வழியில் காத்திருந்தனர். பின்னால் கேடல் இவான்ஸ், உதவ முன்வருவோர் எவருமின்றி, நீண்ட பள்ளத்தாக்கில் எதிர்க்காற்றில் தாமே கூட்டத்தை இழுத்து இழப்பைக் குறைத்தார். எனினும் இரண்டு நிமிடத்திற்கு மேல் இழந்தார்.

மறுநாள் கட்டத்தின் நீளம் 109.5 கி.மீ. மட்டுமே. இங்கே பாதை அமைத்தோரின் நுட்பம் விளங்கும். நீண்ட கட்டத்தில் வீரர் ஆற்றலைச் சிக்கனப்படுத்துவர். குறுகிய கட்டத்தில், புறப்பட்டவுடன் மலை இருப்பின், காத்திருப்பதே ஆபத்தாகிறது. கொண்டடோர் முதல் ஏற்றத்திலேயே தாக்கினார். பல நாட்கள் மஞ்சள் சட்டை அணிந்திருந்த தோமா வோக்லேர் அன்று அதனை இழக்க, அது ஷ்லெக்கைச் சேர்ந்தது. அடுத்த நாள் கிரெனோபிள் நகரில் 42.5 கி.மீ. தனியோட்டம், அதாவது ஒவ்வொருவராகப் புறப்பட்டுக் கடிகாரத்துடன் போட்டியிடும் ஓட்டம். 57 விநாடி பின்தங்கியிருந்த இவான்ஸ் அதில் ஷ்லெக்கை முந்திப் பந்தயத்தையே வென்றார். நீண்ட மலை நாள், குறுகிய மலை நாள், தனியோட்டம் என மூன்று வேறு திறமைகளை மூன்று நாட்களில் சோதித்ததால், மூன்று நாளும் தலைமை மாறக்கூடிய நிலை இருந்தது.

குறுகிய கட்டமே மருந்து எனக் கொள்வதும் தவறு. 2018-இல் பிரனீசு மலையில் 65 கி.மீ. நீளமே உள்ள கட்டமொன்று அமைக்கப்பட்டது. மோட்டார்ப் பந்தயத்தைப் போல முன்னணி வீரர்களை வரிசைப்படி நிறுத்திப் புறப்படவும் செய்தனர். புறப்பட்ட சிறிது நேரத்தில் கூட்டம் வழக்கம் போல் ஒன்றாகிவிட்டது. அன்றைய போட்டி நன்றாக நடந்தது மலையால்; வரிசையால் அன்று.

தனியோட்டத்தின் அளவு

தனியோட்டத்தில் ஒட்டிச் செல்ல யாரும் இல்லை. எடை மிகுந்தவரும் வலிமை மிகுந்தவருமானோர் சமநிலத்தில் நிமிடக்கணக்கில் ஈட்டுவர். 1992-இல் லக்சம்பர்க் நகரில் 65 கி.மீ. தனியோட்டத்தில் மிகேல் இண்டுராயின் இரண்டாமவரை மூன்று நிமிடங்கள் பின்னிட்டார். ஒரே பிற்பகலில் இவ்வளவு இடைவெளி தோன்றிவிட்டால், மலைகளில் மற்றவர் தாக்குவது வீண் முயற்சியாய்ப் போவதுண்டு. தனியோட்டத்தை அறவே நீக்கினாலோ, மலையேறும் வீரர்க்குத் தாக்க வேண்டிய கட்டாயமே இல்லாது போகும். சிறிது பின்தங்கச் செய்தால்தான் அவர்கள் துணிவர். பாதை வகுப்போர் தேடும் அளவு இவ்விரண்டிற்கும் இடையே உள்ளது. ஆண்டுக்காண்டு களத்திலுள்ள வீரர்க்கேற்ப அது மாறும்.

1989-இல் கடைசி நாளன்று வெர்சாய் நகரிலிருந்து பாரிசு வரை 24.5 கி.மீ. தனியோட்டம் வைக்கப்பட்டது. 50 விநாடி முன்னிலையில் இருந்த லோரான் ஃபீன்யோனை விடக் கிரெக் லெமாண்ட் அன்று 58 விநாடி விரைந்து வந்தார். முன்கைகளைக் குறுக்கி நீட்டி வைக்கும் புதுவகைக் கைப்பிடியை லெமாண்ட் பயன்படுத்தியதும் அவருடைய காற்றுத்தடையைக் குறைத்தது. 2024-இல் பாரிசு ஒலிம்பிக் காரணமாகப் பந்தயம் நீஸ் நகரில் முடிந்தபோது, கடைசி நாளில் மீண்டும் தனியோட்டம் வைத்தனர். ததேய் போகச்சார் ஏற்கனவே ஐந்து நிமிடத்திற்கு மேல் முன்னிலையில் இருந்தமையால் அதனால் எதுவும் மாறவில்லை. பாதை வாய்ப்பைத்தான் அளிக்கும்.

காற்றின் திசை

மலையில்லாத நாட்டிலும் கூட்டத்தை உடைக்கும் ஆற்றல் பக்கக்காற்றுக்கு உண்டு. வீரன் மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் செல்ல, குறுக்கே மணிக்கு 25 கி.மீ. காற்று வீசினால், அவன் உணரும் காற்று முன்புறத்திலிருந்து ஏறத்தாழ 29 பாகை விலகி, மணிக்கு 51 கி.மீ. அளவில் தாக்கும். அப்போது காப்பான இடம் முன்செல்பவனின் நேர்ப்பின்னே இராது; சற்றுப் பக்கவாட்டில் அமையும். ஆதலின் வீரர்கள் சாலையின் குறுக்கே விசிறி போல் சாய்வாக விரிவர். சாலையின் அகலம் சிலருக்கே போதும். எஞ்சியோர் ஓரத்தில் காப்பின்றித் தவித்து அறுந்துபோவர். 2013-இல் தூர் நகரிலிருந்து புறப்பட்ட கட்டத்தில் கொண்டடோரின் குழுவினர் இவ்வாறு கூட்டத்தைப் பிளந்து, மஞ்சள் சட்டை அணிந்திருந்த கிறிஸ் ஃபுரூமிடமிருந்து 1 நிமிடம் 9 விநாடி பெற்றனர். அது முற்றிலும் சமவெளிக் கட்டம்.

காற்றை ஆணையிட்டு வரவழைக்க இயலாது. ஆயினும் அப்பகுதியில் அப்பருவத்தில் மிகுதியாக வீசும் காற்றின் திசை இன்னதென வானிலைப் பதிவுகள் காட்டும். மரங்களும் வீடுகளும் மறைக்கும் சாலையிலிருந்து திடீரெனத் திறந்த வெளியில் திரும்பும் ஓரிடத்தைத் தேர்ந்து, அதற்குப் பின் காற்றுக்குக் குறுக்கான திசையில் சில கிலோமீட்டர் பாதையைச் செலுத்துவதே வகுப்பவர் செய்யக்கூடியது.

ஆபத்தின் எல்லை

சுவை மிகுதியாக வேண்டும் என்ற விருப்பம் வீரரின் உயிருக்கும் உடலுக்கும் கேடாய் முடியக்கூடும். 2020-இல் போலந்து நாட்டுப் பந்தயத்தில் கட்டோவிட்சே நகரில் முடிவிடம் இறக்கச் சாலையில் அமைந்திருந்தது. இறுதி விரைவோட்டத்தின் வேகம் மணிக்கு 80 கி.மீ. அளவை எட்டியது. இரு வீரர் மோதிக்கொண்டதில் ஒருவர் தடுப்புகளின் மீது எறியப்பட்டு உயிருக்குப் போராடினார். இயங்கும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்வதால், 60 கி.மீ. வேகத்தில் விழுவதினும் 80 கி.மீ. வேகத்தில் விழுவது 1.8 மடங்கு கடுமையானது. கூட்டமாக விரைந்து முடிக்கும் கட்டங்களுக்குச் சற்றே ஏற்றமான, அகன்ற, நேரான சாலையே தகுதியானது.

கல் பாவிய சாலைகளைச் சேர்ப்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. 2014-இல் அத்தகைய கட்டமொன்றில் மழை பெய்ததால், ஒன்பது கல்சாலைப் பகுதிகளில் இரண்டை அன்று காலையிலேயே நீக்கிவிட்டனர். எஞ்சிய ஏழில் வின்சென்சோ நீபலி தம் திறமையால் கொண்டடோரை இரண்டு நிமிடத்திற்கு மேல் பின்னிட்டார். திறமைக்கு இடமுண்டு என்பதற்கு இது சான்று. ஆனால் சக்கரம் வெடிப்பதும் வழுக்குவதும் தற்செயலே. மூன்று வாரத்தில் ஒரு நாளைக்கு மேல் இத்தகைய சாலை வேண்டுவதில்லை.

வகுப்பறையிலும் களத்திலும்

மலைச்சாலை உள்ள பகுதியின் 1:50,000 அளவுத் திட்ட நிலப்படத் தாள் ஒன்றை எடுத்துக்கொள்க. இதில் 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டரைக் குறிக்கும். சம உயரக் கோடுகள் பொதுவாக 20 மீட்டர் இடைவெளியில் வரையப்பட்டிருக்கும். சாலையின் மீது நூலை வளைவுக்கேற்பப் படியவைத்து நீளத்தை அளக்க வேண்டும். நூல் 7.5 சென்டிமீட்டர் எனில் சாலை 3.75 கி.மீ.; அது 15 இடைவெளிகளைக் கடந்தால் ஏற்றம் 300 மீட்டர்; சரிவு 100-க்கு 8. மாணவன் கொண்டை ஊசி வளைவுகளைக் குறுக்கே வெட்டி நூலை 7 சென்டிமீட்டராக அளந்துவிட்டால், சரிவு 8.6 எனத் தவறாகக் கிடைக்கும். வளைவு மிகுந்த சாலையில் இப்பிழை எப்பொழுதும் ஒரே பக்கமாக, அதாவது சரிவைக் கூட்டிக் காட்டுவதாகவே நேரும்.

முழுச் சாலைக்கும் ஒரே சராசரி கண்டு நின்றுவிடலாகாது. 10 கி.மீ. சாலையில் 600 மீட்டர் ஏற்றம் இருப்பின் சராசரி 6; அதில் 2 கி.மீ. சமமாக இருப்பின் எஞ்சிய 8 கி.மீட்டரில் உண்மைச் சரிவு 7.5. வீரர்கள் பிரிவது அந்த எட்டில்; ஒன்றுகூடுவது அந்த இரண்டில். ஆகவே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனித்தனியே கண்டு வரைபடத்தாளில் பக்கத்தோற்றம் வரைதல் வேண்டும். 100-க்கு 100 சரிவு என்றால் செங்குத்து என மாணவர் பலர் எண்ணுவர்; அது 45 பாகையே. 100-க்கு 8 என்பது நாலரைப் பாகைக்குச் சற்று மேற்பட்டது. கண்ணுக்குச் சிறியதாகத் தோன்றும் இச்சாய்வு கால்களுக்கு எவ்வளவு பெரியது என்பதை மாணவரே சைக்கிளில் ஏறிப் பார்த்து அறியலாம்.

பின்னர், வரைந்த பக்கத்தோற்றத்தில் கடைசி இரு ஏற்றங்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் சமநிலம் உள்ளது, முடிவிடத்திற்கு முந்திய ஐந்து கிலோமீட்டரில் சாலை ஏறுகிறதா இறங்குகிறதா என்பவற்றைக் குறிக்கச் செய்க. அதன்பின் அச்சாலையை நேரில் சென்று காண வேண்டும். படத்தில் காணப்படாதவை பல: குறுகிய பாலம், வேகத்தடை, வளைவில் சிதறிய சரளை, சக்கரம் சிக்கும் அளவு இடைவெளியுள்ள வடிகால் கம்பி மூடி. ரயில் பாதையைக் கடக்கும் இடங்களைப் படம் காட்டும். வண்டி வரும் நேரத்தைக் காட்டாது. 2015-இல் பாரிசு–ரூபே பந்தயத்தில் கேட் மூடிக்கொண்டிருக்கையில் வீரர் பலர் புகுந்து கடக்க, சில விநாடிகளில் விரைவு வண்டி அவ்விடத்தைக் கடந்தது. பக்கத்தோற்றத்தின் கீழே ஒரு வரிசை விட்டு, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நேராக இத்தகைய இடர்களைக் கள ஆய்வின்போதே எழுதி வருதல் வேண்டும். கடந்து வந்த சாலையில் பனியோ மண்சரிவோ இருந்தால் அதனையும் உள்ளது உள்ளவாறே எழுதுக.